குளிர்காலப் பிராக் நகரை ஒரே பகலில் நடந்து பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

செக் குடியரசின் தலைநகரான பிராக் நகரில் டிசம்பர் மாதக் கடைசியில் சூரியன் காலை எட்டு மணிக்குத்தான் உதிக்கிறது. மாலை நான்கு மணிக்கே மறைந்துவிடுகிறது. ஜனவரி நடுவில் இதோடு ஏறக்குறைய அரை மணி நேரம் கூடுகிறது. பிப்ரவரி நடுவில் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் வெளிச்சம் நிற்கும். கோடைக்கென எழுதப்பட்ட பயணத் திட்டங்கள் இந்தக் கணக்கைப் பொருட்படுத்துவதில்லை. அவை இந்நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் மன்னர்கள் முடிசூடச் சென்ற பழைய பாதையையே பின்பற்றி, வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம் ஆகியவற்றின் வழியாகக் கடைசியில் மேட்டின் மேலுள்ள கோட்டைக்கு ஏறச் சொல்கின்றன. குளிர்காலத்தில் அப்படி நடந்தால், கோட்டையை அடையும்போது அதன் கட்டடங்களைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள், ஏனெனில் நவம்பர் முதல் மார்ச் வரை அவை மாலை நான்கு மணிக்கே மூடப்படுகின்றன.

ஆகவே மன்னர்களின் பாதையைத் தலைகீழாக்கிக்கொள்வதே குளிர்காலத்துக்கு ஏற்றது. பகல் வெளிச்சம் தேவைப்படும் இடங்களை முதலில் பார்த்துவிட வேண்டும். விளக்கொளியிலும் அழகு குறையாத இடங்களை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஏதேனும் ஒரு கூரையின் கீழ் உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள வரிசை முழுவதும் இந்த மூன்று தேவைகளிலிருந்து வந்ததே. நடக்க வேண்டிய தூரம் மொத்தம் ஏழெட்டுக் கிலோமீட்டர். ஏற்றத்துக்கு மட்டும் டிராம் வண்டியைப் பயன்படுத்துகிறோம்.

எப்போது செல்வது

நவம்பர் இறுதி முதல் ஜனவரி 6 வரை பழைய நகரச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். அந்தக் கொண்டாட்டத்தைக் காணவே வருபவர்கள் அந்த நாட்களில் வரலாம். நகரத்தைக் காண வருபவர்களுக்கு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரையிலான நாட்களே நல்லவை என்பேன். கூட்டம் அப்போதுதான் மிகக் குறைவு. விடுதி வாடகையும் இறங்கியிருக்கும்.

கிழமையைத் தேர்வதில் கவனம் வேண்டும். சனிக்கிழமைகளில் யூத அருங்காட்சியகத்தின் கட்டடங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வழிபாட்டின் காரணமாகப் புனித வீத்து பேராலயம் நண்பகலுக்குப் பிறகே பார்வையாளர்களுக்குத் திறக்கப்படும். எனவே திங்கள் முதல் வெள்ளி வரையிலான ஒரு நாளே இந்தத் திட்டத்துக்குப் பொருந்தும். டிசம்பர் 24 அன்று கோட்டையின் உட்கட்டடங்கள் திறக்கப்படுவதில்லை. நகரமே மாலைக்குள் அடங்கிவிடும்.

உடையும் காலணியும்

சார்லஸ் பாலத்தின் கிழக்கு முனையை ஒட்டியுள்ள கிளெமென்டினும் என்ற பழைய யேசுசபைக் கல்லூரி வளாகத்தில் 1775 முதல் ஒரு நாளும் விடாமல் வெப்பநிலை பதிவுசெய்யப்பட்டு வருகிறது. ஐரோப்பாவின் நீண்ட வானிலைப் பதிவுகளுள் இதுவும் ஒன்று. அங்கே ஜனவரி மாதச் சராசரி பூச்சியம் டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கிறது. பகலில் இரண்டு மூன்று டிகிரியும், இரவில் பூச்சியத்துக்குக் கீழே சில டிகிரியும் வழக்கமானவை. குளிரலை வீசும் நாட்களில் பத்து டிகிரி வரைகூடக் கீழே இறங்கும். வானம் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் மூடியே கிடக்கும். படங்களில் காணும் பனி போர்த்திய கூரைகள் சில நாட்களுக்கே வாய்க்கின்றன; மற்ற நாட்களில் ஈரக்கல்லும் மூடுபனியும்தான்.

பூச்சியத்தை ஒட்டிய இந்த ஈரக்குளிரை ஒரே ஒரு தடித்த கோட்டினால் சமாளிக்க முடியாது. உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன் மேல் கம்பளி அல்லது பிளீஸ் ஸ்வெட்டர், அனைத்துக்கும் மேல் காற்றும் தூறலும் புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்குகளாக அணிவதே நல்லது. முதல் அடுக்காகப் பருத்திப் பனியனை அணிவது நம்மிடையே பெரும்பாலோரின் வழக்கம். ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மேட்டில் ஏறி நின்றதும் குளிர்ந்த துணியாக உடலில் ஒட்டிக்கொள்ளும். ஜீன்ஸ் துணியும் நனைந்தால் எளிதில் காய்வதில்லை. காதை மூடும் தொப்பி, கையுறை, கழுத்துத் துண்டு ஆகிய மூன்றில் எதையும் விட்டுவிட வேண்டாம்.

காலணியே எல்லாவற்றிலும் முக்கியம். பிராக் நகரின் நடைபாதைகளில் கைக்குள் அடங்கும் சிறு கற்கட்டிகளைக் கறுப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறக் கோலங்களாகப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகான இந்தக் கற்கள் காலங்காலமாகத் தேய்ந்து வழவழப்பானவை. அவற்றின் மேல் மெல்லிய பனிக்கண்ணாடி படர்ந்தால் கால் நிற்காது. ஆழமான பள்ளங்களுள்ள ரப்பர் அடிப்பாகமும், கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் உயரமும், உள்ளே கம்பளிக் காலுறை போட்டாலும் விரல்கள் அசைய இடமும் உள்ள காலணியாகப் பார்த்து எடுக்கவும். இரண்டு காலுறைகளை இறுக்கமாகத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் கூடுதலாகவே குளிரும்.

கைப்பேசியை ஜாக்கெட்டின் உட்பையில் உடலோடு வைத்திருங்கள். குளிரில் அதன் மின்கலம் விரைவாக இறங்கும். ஒரு பவர்பேங்க், உதட்டுக்கும் கைக்கும் பூசக் களிம்பு, சிறிய பிளாஸ்கில் வெந்நீர் ஆகியவை போதும். உணவகத்துக்குள்ளோ அருங்காட்சியகத்துக்குள்ளோ நுழைந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றிவிடுவது அவசியம். உள்ளே இருபது டிகிரிக்கு மேல் சூடாக்கியிருப்பார்கள். கழற்றாமல் உட்கார்ந்து வியர்த்தால், வெளியே வந்ததும் அந்த வியர்வையே பகையாகும்.

பணமும் பயணச்சீட்டும்

இங்கே புழங்குவது யூரோ அல்ல, கொருனா. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் வங்கி அட்டை செல்லும். டிராம் வண்டிகளுக்குள்ளேயே அட்டையைத் தொட்டுச் சீட்டு வாங்கும் கருவி இருக்கிறது. தாளில் அச்சிட்ட சீட்டை வாங்கியவர்கள் அதை மஞ்சள் நிறக் கருவியில் நுழைத்து நேரமுத்திரை பதிக்க வேண்டும்; முத்திரையில்லாத சீட்டு சீட்டே அல்ல, அபராதம் உண்டு. கழிவறைகளுக்காகக் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளலாம். சுற்றுலாப் பகுதிகளில் உள்ள பணமாற்றுக் கடைகளில் பலகையில் ஒரு விகிதமும் கையில் வேறு தொகையுமாக ஏமாற்றும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அதனால் 2019 முதல், 1,000 யூரோவுக்குட்பட்ட பணமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்துசெய்யும் உரிமையைச் சட்டம் வாடிக்கையாளருக்கு அளித்திருக்கிறது. ரசீதைத் தூக்கியெறியாமல் வைத்திருங்கள்.

காலை 7.30: சார்லஸ் பாலம்

மெட்ரோவின் பச்சை நிற ஏ தடத்தில் ஸ்தரோமெஸ்த்ஸ்கா நிலையத்தில் இறங்கி, ஆற்றோரமாகத் தெற்கே ஐந்து நிமிடம் நடந்தால் பாலத்தின் பழைய நகரக் கோபுரம் வந்துவிடும். கோடையில் இந்தப் பாலத்தில் விடியலைத் தனியாகக் காண விரும்புபவர் ஐந்து மணிக்கு முன்பே வந்து நிற்க வேண்டும். குளிர்காலத்தில் நிதானமாக எழுந்து, காப்பி குடித்துவிட்டு வந்தாலும் விடியல் நமக்காகக் காத்திருக்கும். இந்தப் பருவம் தரும் மிகப்பெரிய சலுகை இதுவே என்பது என் கருத்து.

பாலத்துக்கு 1357இல் நான்காம் கார்ல் (சார்லஸ்) மன்னர் அடிக்கல் நாட்டினார். நீளம் 516 மீட்டர், அகலம் ஏறக்குறைய 10 மீட்டர், வளைவுகள் 16. இருபுறமும் நிற்கும் 30 சிலைக் குழுக்களில் பெரும்பாலானவை 1683க்கும் 1714க்கும் இடையே வைக்கப்பட்டவை. மழையிலும் புகையிலும் அரிக்கப்பட்ட மூலச்சிலைகள் பலவற்றை உள்ளே பாதுகாப்பாக எடுத்து வைத்துவிட்டு, அவற்றின் நகல்களையே இப்போது நிறுத்தியிருக்கிறார்கள். அனைத்திலும் பழையது புனித நெபொமுக் யோவானின் சிலை. 1393இல் நான்காம் வென்செஸ்லாஸ் மன்னரின் ஆணைப்படி அந்தக் குருவின் உடலை இந்தப் பாலத்திலிருந்துதான் வல்தாவா ஆற்றில் எறிந்தார்கள். சிலையின் அடியிலுள்ள வெண்கலப் பலகையைத் தொட்டால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையால், கைபட்ட இடங்கள் மட்டும் பொன்னாக மின்னுகின்றன.

ஏழரை மணிக்குப் பாலத்தின் எரிவாயு விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் பழங்கால உடையணிந்த ஒருவர் மாலைதோறும் நீண்ட கோலால் இவற்றை ஒவ்வொன்றாக ஏற்றிச் செல்வதும் உண்டு. பாலத்தின் நடுவில் நின்று மேற்கே நோக்குங்கள். குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், தெளிந்த வானமாக இருந்தால் முதல் வெளிச்சம் நேராகக் கோட்டையின் முகப்பில் விழும். மூடுபனி இருந்தால் கோட்டை தெரியாது. சிலைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டு வரும். இரண்டில் எது சிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஆற்றின் மேல் கூட்டமாகப் பறப்பவை குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கும் கடற்காக்கைகள்.

கிளம்பும் முன் கிழக்குக் கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து வையுங்கள். மாலையில் சதுக்கத்தில் காணப்போகும் ஒரு நிகழ்வின் மறுபாதி அங்கேதான் நடந்தது.

காலை 8.20: டிராமில் மேட்டுக்கு

பாலத்தின் மறுகரையிலிருந்து மூன்று நிமிட நடையில் மாலா ஸ்த்ரானா பகுதியின் மையச் சதுக்கம் இருக்கிறது. அங்கே 22 எண் டிராமில், பீலா ஹோரா செல்லும் திசையில் ஏறவும். வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் அந்தப் பெயர் 1620 நவம்பர் 8 அன்று நடந்த போரின் களத்தைக் குறிப்பது. பொஹீமியப் புரட்டஸ்தாந்தப் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசிடம் தோற்றது அங்கேதான். கோட்டையின் பெயரையே தாங்கிய நிறுத்தத்தில் இறங்காமல், இன்னும் இரண்டு நிறுத்தங்கள் கடந்து பொஹோர்ஷெலெட்ஸில் இறங்குங்கள். அங்கிருந்து கோட்டை வரை பாதை இறக்கமாகவே செல்கிறது. வழியில் லொரெத்தா திருத்தலத்தின் முன் ஒன்பது மணிக்கு நிற்க முடிந்தால், அதன் கோபுரத்திலுள்ள 27 மணிகள் இசைக்கும் மரியன்னைப் பாடலைக் கேட்கலாம்.

காலை 9.15 முதல் நண்பகல் வரை: பிராக் கோட்டை

கோட்டை என்ற சொல் இங்கே ஒரு கட்டடத்தைக் குறிப்பதல்ல. ஏறக்குறைய 70,000 சதுர மீட்டர் பரப்பில் பேராலயம், அரண்மனைகள், மடம், தெரு எனப் பரந்து கிடக்கும் சிறிய ஊரே அது. நாட்டின் குடியரசுத் தலைவரின் அலுவலகமும் அதற்குள் இருக்கிறது. வாயிலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. முற்றங்களில் நடக்கச் சீட்டு வேண்டாம்; உட்கட்டடங்களுக்குச் சுற்றுச்சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டு இரண்டு நாட்களுக்குச் செல்லும் என்பதால், குளிர் தாங்காமல் பாதியில் இறங்கியவர்கள் மறுநாள் வந்து மிச்சத்தைப் பார்க்கலாம். மதிலையொட்டிய தெற்குத் தோட்டங்கள் குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

முதலில் புனித வீத்து பேராலயத்துக்குச் செல்லுங்கள். 1344இல் தொடங்கிய இதன் கட்டுமானம் 1929இல்தான் நிறைவடைந்தது. நடுவே சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றியவர்களின் போர்களால் வேலை நின்று, பாதிக் கோயிலாகவே சில நூற்றாண்டுகள் கிடந்தது. கிழக்குப் பாதி பெரும்பாலும் பதினான்காம் நூற்றாண்டில் பீட்டர் பார்லர் எழுப்பியது. மேற்குப் பாதியும் அதன் இரட்டைக் கோபுரங்களும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் வந்தவை. வடபுற வரிசையில் மூன்றாவது சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை வரைந்தவர் அல்ஃபோன்ஸ் மூகா, 1931இல் பதிக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைக்கும் பழைய முறையை மட்டும் நம்பாமல் கண்ணாடியின் மேலேயே தீட்டப்பட்டதால், முகங்களும் துணிமடிப்புகளும் ஓவியத்தைப் போல நெகிழ்ந்து தெரியும். இதைக் காணப் பகல் வெளிச்சம் வேண்டும். மாலை மூன்றரைக்கு வந்து கறுத்த கண்ணாடியைப் பார்த்துத் திரும்புபவர்கள் ஏராளம். தென்புறத்துப் புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தின் கதவு ஒன்று பொஹீமிய முடியணிகள் இருக்கும் அறைக்குச் செல்கிறது. அவ்வறையின் ஏழு பூட்டுகளுக்குரிய ஏழு சாவிகளும் ஏழு பேரிடம் இருக்கின்றன. ஆலயத்துக்குள் ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். கட்டடத்தின் உள்ளே சூடேற்றம் இல்லை என்றே எண்ணிச் செல்லுங்கள். கல் குளிர் காலில் ஏறும்.

அடுத்தது பழைய அரச மாளிகை. 62 மீட்டர் நீளமுள்ள விளாதிஸ்லாவ் மண்டபத்தில், மழையோ பனியோ பெய்தாலும் நிற்காமல் குதிரைவீரர்களின் ஈட்டிப் போட்டிகள் நடந்தன. அதற்காகவே குதிரைகள் ஏறும்படி தாழ்ந்த, அகன்ற படிகளை அமைத்தார்கள். மண்டபத்தை அடுத்த சிறிய அறையின் சன்னல் ஐரோப்பிய வரலாற்றில் பெயர் பெற்றது. 1618 மே 23 அன்று புரட்டஸ்தாந்தப் பிரபுக்கள், பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் இங்கிருந்து வெளியே தூக்கி எறிந்தார்கள். இருபது மீட்டருக்கு மேல் உயரம், மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் போலிக்செனா லொப்கோவிட்ஸ் என்ற பிரபுகுலப் பெண்மணி. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மதிய உணவுக்குப் பிறகு மீண்டும் வருவார். முப்பதாண்டுப் போர் இந்தச் சன்னலில்தான் தொடங்கியது என்பார்கள்.

புனித ஜார்ஜ் ஆலயத்தை விரைவாகப் பார்த்துக்கொண்டு பொற்சந்துக்குச் செல்லலாம். மதிலை ஒட்டிய குட்டி வீடுகளில் 22ஆம் எண் வீட்டை எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் தங்கை ஒட்லா வாடகைக்கு எடுத்திருந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916–17 குளிர்காலத்தில், காஃப்கா மாலைதோறும் மேடேறி வந்து இங்கே உட்கார்ந்து எழுதிவிட்டு நள்ளிரவில் நகருக்கு இறங்கிச் செல்வார். வீட்டின் அளவைப் பார்த்தால், ஓர் எழுத்தாளரும் ஓர் அடுப்பும் சேர்ந்தாலே நிறைந்துவிட்டிருக்கும் என்று தோன்றும்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் முற்றத்தில் காவலர் மாற்றச் சடங்கு எக்காள இசையோடு நடக்கும். பதினைந்து நிமிடம் முன்னதாகத் திரும்பி வந்தால் போதும்; குளிர்காலத்தில் முன்வரிசையே கிடைக்கும். வாத்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானதும், இந்தக் காவலர்களின் சீருடையை, ஆஸ்கர் விருது பெற்ற திரைப்பட உடையமைப்பாளர் தியோடர் பிஷ்டெக்கைக் கொண்டு புதிதாக வடிவமைக்கச் செய்தார். கோடையில் வெளிர்நீலம், இப்போது நீங்கள் காண்பது குளிர்காலத்துக் கருநீல மேலங்கி.

பகல் 12.30: நெருதோவா தெருவும் சாப்பாடும்

இறங்குவதற்குக் கோட்டையின் கிழக்கு முனையிலுள்ள பழைய படிக்கட்டும் உண்டு, ஆனால் உறைபனி நாளில் அதை விட்டுவிட்டு மேற்கு வாயில் வழியாக நெருதோவா தெருவில் இறங்குங்கள். சரிவு அங்கேயும் கடுமைதான். ஆயினும் வீடுகளை ஒட்டி நடக்கலாம், வழுக்கினால் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கும். காலடிகளைச் சிறியதாக வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, கைகளைச் சட்டைப்பைக்கு வெளியே வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். 1770இல் வீட்டெண்கள் வருவதற்கு முன் அடையாளமாக இருந்த இரண்டு சூரியன்கள், மூன்று வயலின்கள் போன்ற சின்னங்கள் இன்னும் வாசல்களின் மேல் இருக்கின்றன.

வார நாட்களில் பகல் பதினொன்று முதல் இரண்டு வரை உணவகங்களில் அன்றைய மதியச் சாப்பாட்டுப் பட்டியல் தனியாக இருக்கும். விலையும் குறைவு, விரைவிலும் வரும். முதலில் சூப் வாங்குங்கள். செஸ்நெச்கா என்னும் பூண்டுச் சூப்பும் பிரம்போராச்கா என்னும் உருளைக்கிழங்குச் சூப்பும் குளிருக்கு ஏற்றவை. இறைச்சி உண்பவர்கள், பாலேடு சேர்த்த காய்கறிக் குழம்பில் மாட்டிறைச்சியும் க்னெட்லீக்கி என்னும் மாவுக் கொழுக்கட்டைத் துண்டுகளுமாக வரும் ஸ்விச்கோவாவைத் தேர்வார்கள். சைவர்கள் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். சூப்பின் அடிநீர் இறைச்சி வேகவைத்த நீராக இருக்கலாம், பூண்டுச் சூப்பில் பன்றியிறைச்சித் துண்டுகள் கிடக்கலாம். “பெஸ் மசா” என்று சொல்லி இறைச்சி இல்லாததைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்மாஜெனி சீர் எனப்படும் பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். சுற்றுலாத் தெருக்களில் கம்பியில் சுற்றிச் சுட்டு விற்கும் திர்தெல்நீக் என்ற இனிப்பை ‘பழைய பொஹீமியப் பண்டம்’ என்று விளம்பரப்படுத்துவார்கள். பழமை என்பது மிகை. கை சூடாக வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்.

தெருவின் அடியில் நிற்கும் பச்சைக் குவிமாடம் புனித நிக்கோலஸ் ஆலயத்துடையது. மோட்சார்ட் வியன்னாவில் இறந்தபோது அங்கே நடந்த அடக்கம் எளிமையானது. ஆனால் ஒன்பது நாட்களுக்குப் பின், 1791 டிசம்பர் 14 அன்று இந்த ஆலயத்தில் நடந்த அஞ்சலித் திருப்பலியில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 1787இல் அவர் வாசித்த ஆர்கன் இசைக்கருவி இங்கே இருக்கிறது.

பகல் 1.45: குழந்தை இயேசுவும் கம்பா தீவும்

அங்கிருந்து தெற்கே கார்மெலித்ஸ்கா தெருவில் ஐந்து நிமிடம் நடந்தால் வெற்றி அன்னை ஆலயம். பெங்களூரு விவேக்நகரிலுள்ள குழந்தை இயேசு ஆலயத்துக்கு நேர்ந்துகொண்டு சென்றுவரும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்தத் திருவுருவத்தின் மூலம் இங்கே இருப்பதுதான். ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் உயரமுள்ள மெழுகுச் சிலை. ஸ்பெயினிலிருந்து வந்த இதை 1628இல் கார்மெல் துறவிகளுக்குக் கொடையாக அளித்தவர், காலையில் கேள்விப்பட்ட அதே போலிக்செனா. உலகெங்குமிருந்து வந்த ஆடைகளைத் திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ப மாற்றி உடுத்துவார்கள். திருவருகைக் காலத்தில் ஊதா. அனுமதி இலவசம். பத்து நிமிடம் உட்கார்ந்து காலை ஆற்றிக்கொள்ளவும் ஏற்ற இடம்.

கம்பா தீவில் நெடுநேரம் வேண்டாம். செர்தோவ்கா கால்வாயின் நீர்ச்சக்கரத்தையும், பாடகர் ஜான் லென்னனின் நினைவாக வண்ணம் மேல் வண்ணமாகப் பூசப்பட்ட லென்னன் சுவரையும் பார்த்துக்கொண்டு, சார்லஸ் பாலத்தின் அடியில் புகுந்து வடக்கே நடந்தால் அன்னங்கள் கூடும் ஆற்றங்கரை வரும். மானெஸ் பாலத்தின் வழியே கிழக்குக் கரைக்குக் கடந்துவிடுங்கள். பாலம் முடியும் இடத்திலுள்ள சதுக்கத்துக்கு, 1969இல் தீக்குளித்து இறந்த மாணவர் யான் பலாக்கின் பெயர். அவர் படித்த பல்கலைக்கழகப் புலம் அந்தச் சதுக்கத்திலேயே இருக்கிறது. கட்டடத்தின் மூலையில் அவருடைய இறந்த முகத்திலிருந்து எடுத்த வார்ப்பு பதிக்கப்பட்டிருக்கிறது.

பகல் 2.45: யோசெபோவ்

பழைய யூதக் குடியிருப்பான யோசெபோவில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் மாலை 4.30க்கு மூடிவிடுவார்கள், வெளிச்சம் அதற்கு முன்பே போய்விடும். பிங்கஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்கள் முழுவதும், நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்களை ஊர்வாரியாகக் கையால் எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கையைப் படித்துவிட்டு உள்ளே சென்றாலும், சுவருக்கு அருகில் நின்று ஒரு குடும்பத்தின் பெயர்களை மட்டும் படித்து முடிக்கும்போதுதான் அதன் அளவு புரிகிறது.

வெளியேறினால் கல்லறைத் தோட்டம். 1439 முதல் 1787 வரை இங்கேயே அடக்கம் செய்தார்கள். சமூகத்துக்கு வேறு நிலம் கிடைக்காததால், பழைய கல்லறைகளின் மேல் மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கீழிருந்த நடுகற்களை மேலே தூக்கி நட்டதால், ஏறக்குறைய 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருங்கி நிற்கின்றன. மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும் இந்தப் பருவத்தில்தான் தோட்டத்தின் முழுப்பரப்பும் கண்ணுக்குத் தெரிகிறது. பேராலயத்தில் தொப்பியைக் கழற்றிய ஆண்கள் இங்கே தலையை மூடிக்கொள்ள வேண்டும். கம்பளித் தொப்பியே போதும்.

மாலை 4.10: பழைய நகரச் சதுக்கம்

இப்போது இருட்டத் தொடங்கியிருக்கும். கவலையில்லை, வெளிச்சம் வேண்டியவை முடிந்துவிட்டன. பழைய நகர மன்றத்தின் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. நீலம் கறுத்து விளக்குகள் எரியத் தொடங்கும் அந்த அரைமணிக்குள் மேலே இருப்பது நல்லது. ஐந்து மணிக்கு முன் கீழே இறங்கி, வானியல் கடிகாரத்தின் முன் நில்லுங்கள்.

மணி தோறும் எலும்புக்கூடு மணியடிக்க, பன்னிரு திருத்தூதர்கள் சன்னல்களில் வந்து போவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பலர் ஏமாற்றத்தோடு கலைகிறார்கள்; கடிகாரத்தின் அருமை அந்தப் பொம்மைகளில் இல்லை, முகப்பில் இருக்கிறது. 1410இல் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் செய்த இது, ஒரே முகப்பில் பல காலக்கணக்குகளைக் காட்டுகிறது. வெளி வளையத்தின் பழைய எழுத்து எண்கள், சூரியன் மறையும் நேரத்திலிருந்து 24 மணிகளை எண்ணுபவை. பருவத்துக்கேற்ப அந்த வளையமே நகரும். ரோமன் எண்கள் நம்முடைய இன்றைய நேரம். உள்ளேயுள்ள வளைந்த பொற்கோடுகள் உதயம் முதல் மறைவு வரையிலான பகலைப் பன்னிரண்டாகப் பகுக்கின்றன. அன்றைய பகலை எட்டாக வகுத்து இராகு காலம் குறிக்கும் பஞ்சாங்கத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்குவது எளிது. ஆனால் வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள்: ஜூன் மாதத்தில் எண்பது நிமிடத்தைத் தாண்டும் அந்த ஒரு ‘மணி’, டிசம்பர் கடைசியில் நாற்பது நிமிடம்தான். இன்று காலையிலிருந்து நீங்கள் அவசரப்பட்டதன் காரணம் அந்தக் கோடுகளில் வரையப்பட்டிருக்கிறது.

கோபுரத்தின் கிழக்குப் பக்கத் தரையில் வெண்கற்களால் 27 சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. பீலா ஹோராவில் தோற்ற கிளர்ச்சியின் தலைவர்கள் 27 பேர் 1621 ஜூன் 21 அன்று இங்கே கொல்லப்பட்டார்கள். அவர்களுள் பன்னிரண்டு பேரின் தலைகளைக் காலையில் நீங்கள் அண்ணாந்து பார்த்த பாலக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பத்தாண்டுகள் அவை அங்கே இருந்தன. எதிரே இரட்டைக் கோபுரங்களோடு நிற்கும் தீன் ஆலயத்தில் வானியலாளர் டைகோ பிராகியின் கல்லறை உள்ளது.

மாலை 5.30 முதல்: கூரைக்குள் நடை

செலெட்னா தெரு வழியாக வெடிமருந்துக் கோபுரத்தை அடைந்தால், பக்கத்தில் நகர மாளிகை. 1912இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தில்தான் 1918 அக்டோபர் 28 அன்று செக்கோஸ்லோவாக்கிய விடுதலை அறிவிக்கப்பட்டது. தரைத்தளக் காப்பியகத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம். ஜாக்கெட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு அமர்வது மரபு; ஒரு கோப்பைக் காப்பிக்கு எவ்வளவு நேரம் இருந்தாலும் எழுப்ப மாட்டார்கள்.

பிறகு வென்செஸ்லாஸ் சதுக்கத்தைச் சுற்றிய பகுதிக்குச் செல்லுங்கள். இங்கே கட்டடங்களை ஊடுருவிச் செல்லும் ‘பசாஷ்’ என்ற கூரையிட்ட நடைவழிகள் பல இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் குளிர்காலத்தில் தெருவை விட்டு இவற்றினூடாகவே நடப்பார்கள். ஸ்வெதோசோர் நடைவழியில் பழைய வானொலி நிறுவனத்தின் விளம்பரம் வண்ணக் கண்ணாடியாக ஒளிர்கிறது. ஹாவெலின் தாத்தா கட்டிய லுட்செர்னா நடைவழியில் உள்ள தாவிட் செர்னியின் சிற்பத்தில், தலைகீழாகத் தொங்கும் குதிரையின் வயிற்றின் மேல் புனித வென்செஸ்லாஸ் அமர்ந்திருக்கிறார். வெளியே சதுக்கத்தின் மேல்முனையில் அதே புனிதர் கம்பீரமாக நிமிர்ந்த குதிரையில் இருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே முறை.

அந்தச் சிலைக்கு மேலே தேசிய அருங்காட்சியகத்தின் முன், தரையைப் பிளந்து எழுவது போன்ற வெண்கலச் சிலுவை கிடக்கிறது. சோவியத் தலைமையிலான படையெடுப்புக்குப் பின் நாடு பணிந்துபோவதை எதிர்த்து, 1969 ஜனவரி 16 அன்று இருபது வயது மாணவர் யான் பலாக் இங்கே தீக்குளித்தார். மூன்று நாள் கழித்து இறந்தார். ஜனவரி நடுவில் வருபவர்கள் இங்கே மெழுகுவர்த்திகளையும் மலர்களையும் காண்பார்கள். 1989 நவம்பரில் ஆட்சியைக் கவிழ்த்த பெருங்கூட்டங்கள் கூடியதும் இதே சதுக்கத்தில்தான்.

சதுக்கத்தின் மேல்முனையிலேயே ஏ, சி தடங்கள் சந்திக்கும் மூசெயும் மெட்ரோ நிலையம் இருக்கிறது; நள்ளிரவு வரை வண்டி உண்டு. அதற்குப் பிறகு ஓடும் இரவு டிராம்கள் அனைத்தும் லசார்ஸ்கா நிறுத்தத்தில் ஒன்றுகூடி மாறிக்கொள்ள வசதி தருகின்றன.

நேரம் குறைந்தால்

முதலில் கம்பா தீவை விடலாம். அடுத்துப் புனித ஜார்ஜ் ஆலயத்தை. பனி கொட்டும் நாளில் நகர மன்றக் கோபுரத்தின் உச்சிக்கும் ஏற வேண்டாம், எதுவும் தெரியாது. முதியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால், விடியல் பாலத்தைக் கைவிட்டு நேராக ஒன்பது மணிக்கு டிராமில் கோட்டைக்குச் செல்லுங்கள். பாலத்தை மாலை ஆறு மணிக்கு விளக்கொளியில் பார்த்துக்கொள்ளலாம், அங்கே கடைசியாக மூடும் கதவு என்று எதுவுமில்லை. கோட்டையைப் பிற்பகலுக்கும், கல்லறைத் தோட்டத்தை மாலைக்கும் மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள்.